எங்கள் மகனை இடைநின்றவர் பட்டியலில் சேர்க்காதீர்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்த எங்கள் மகனை, இந்த ஆண்டு முதல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். டி.சி. வாங்கப் போனபோது தலைமையாசிரியை, "எந்தப் பள்ளியில சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை, வீட்டில்தான் என்றோம். பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் அப்படிப் பதிய வழியில்லை என்றார். வேறொரு பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ளும் வரை அவன் பெயர் எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலில் இருக்குமாம். யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால், அடுத்த கணக்கெடுப்பில் அவன் பள்ளி செல்லாத, இடைநின்ற குழந்தைகளின் பட்டியலில் வந்துவிடுவான்.

பள்ளியின் மேல் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஒருவர் பாடம் நடத்தும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்க அதிக நேரம் எடுக்கும் பிள்ளைக்கு அவரால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? எங்கள் மகன் கணக்கில் கெட்டி. ஆனால் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவான். அவனுக்குத் தேவை பக்கத்தில் ஓர் ஆள், அவசரப்படுத்தாத ஒரு மணி நேரம். அதைத் தர எங்களால் முடியும் என்பதால் முடிவெடுத்தோம். அரசுப் பாடநூல்களைத்தான் இணையத்திலிருந்து இறக்கி வைத்துப் படிக்கிறோம்.

எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறோம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிக்குப் போகாவிட்டால் மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவனுக்குக் கிடைக்காது. கல்லூரிக்குப் போகும்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்காது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படும் இழப்பு வேறு. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். வீட்டில் நான் எவ்வளவு முயன்றாலும் அதைத் தர முடியாது.

கல்வி உரிமைச் சட்டம் எங்கள் விஷயத்தில் தெளிவாக இல்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. 2012இல் வந்த திருத்தமோ, கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. அதாவது, வீட்டிலும் கல்வி நடக்கும் என்பது சட்டத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிற்பாடு தேர்வு எழுதவும் வழி இருக்கிறது. உங்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககமே பன்னிரண்டரை வயது முடிந்தவர்களுக்குத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது ஆனதும் பத்தாம் வகுப்புக்குப் பதிந்து தேர்வு எழுதலாம். இப்போதிருந்து அந்தத் தேர்வு வரையிலான ஆண்டுகளில் அவன் யார் என்பதற்குத்தான் உங்களிடம் பெயர் இல்லை.

"பட்டியலில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. அந்தப் பட்டியல் யாருக்காகப் போடப்படுகிறது என்பதை இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய்விட்டுப் பாதி ஆண்டைத் தொலைக்கிற பிள்ளைகள், வயசுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்தப்படுகிற பெண் பிள்ளைகள், இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பட்டியல். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் அலைகிற ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்து, புத்தகமும் கையுமாக இருக்கும் பையனைப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் யாருக்கு லாபம்? அந்த நேரம் சூளையில் இருக்கும் பிள்ளைக்குப் போக வேண்டியது.

எங்களை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அது இன்னும் ஆபத்து. வீட்டில் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வேலைக்கு அனுப்பவும், சத்தமில்லாமல் கல்யாணம் செய்து வைக்கவும் ஆட்கள் உண்டு. அவர்கள் ஒளிந்துகொள்ள நாங்கள் ஒரு மறைவாக இருக்கக் கூடாது.

ஆகவே, எமிஸில் 'வீட்டுக் கல்வி' என்று தனிப் பதிவு ஒன்று வையுங்கள். பெற்றோர் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி போடுங்கள். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் பருவத்துக்கு ஒரு முறை வரட்டும். நோட்டைப் பார்க்கட்டும், வாசிக்கச் சொல்லட்டும், எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசட்டும். முன்னேற்றம் இல்லையென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது, நாங்களே கொண்டுவந்து விடுகிறோம்.

அப்புறம், பழைய பள்ளியின் கதவை முழுவதும் சாத்திவிடாதீர்கள். விளையாட்டு நேரம், நூலகப் புத்தகம், ஆண்டு விழா, மருத்துவக் குழு வந்து கண்ணும் பல்லும் பார்க்கும் நாள் ஆகியவற்றுக்கு மட்டும் அவன் வந்துபோக அனுமதி வேண்டும். இதற்குப் புதுச் செலவு ஏதும் இல்லை. தலைமையாசிரியைக்கும் சம்மதம்தான், ஆனால் எழுத்தில் உத்தரவு இல்லாமல் அவரால் செய்ய முடியவில்லை. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அந்த உத்தரவையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விழுப்புரம் மாவட்டம்