மாப்பிள்ளைக்கு, ப்ளூமிங்டனிலிருந்து

ப்ளூமிங்டன், இந்தியானா
22-4-2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இங்கே நலம். தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பேரனின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதை நேரில் வந்து சரிசெய்கிறேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் ஏப்ரல் 8 அன்று இங்கே பார்த்த முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றித் தொடங்கியதுமே, "அதைத்தான் திண்டுக்கல்லில் சேர்ந்து பார்த்துவிட்டோமே, இதை வீடியோவிலும் பார்த்தாயிற்று" என்று பேச்சை முடித்துவிட்டாய். எட்டு நாளாக அந்தச் சொல் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. நாம் பார்த்தது வேறு, மாப்பிள்ளை. 2019 டிசம்பர் 26 அன்று நிலா சற்றுத் தொலைவில் இருந்ததால் சூரியனை முழுவதும் மூட இயலாமல் ஒரு வளையத்தை மிச்சம் விட்டது. அந்த வளையம் அழகுதான். ஆனால் சூரியன் நூற்றில் ஒரு பங்கு எஞ்சியிருந்தாலும் வானம் பகலாகவே இருக்கும். ஏனென்றால் சூரியனைச் சுற்றியுள்ள கரோனா என்னும் ஒளிவட்டம், சூரியப் பரப்பைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மங்கலானது. கடைசிக் கீற்றும் மறைந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பதுக்கும் நூறுக்கும் இடையில் இருப்பது ஒரு சதவீதம் அல்ல என்பதை நான் ஏப்ரல் 8 அன்றுதான் உணர்ந்தேன்.

அன்று மதியம் ஒன்றே முக்கால் மணியளவில் சூரியனின் ஓரத்தில் முதல் கடி விழுந்தது. மகள் சமையலறையிலிருந்து ஜல்லிக் கரண்டியை எடுத்துவந்து வெயிலில் பிடித்தாள். அதன் ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு சிறு பிறைச் சூரியனை வரைந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தப் பிறைகளைக் கையில் ஏந்தி விளையாடினார்கள். அடுத்த ஒரு மணி நேரம் பொறுமையாகக் கழிந்தது. மூன்று மணி நெருங்கியபோது வெளிச்சத்தின் தன்மையே மாறிவிட்டது. அது மாலை நேரத்துப் பொன்னிறம் அல்ல; வெள்ளி முலாம் பூசியது போன்ற ஒரு சாம்பல் வெளிச்சம். நிழல்களின் விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தன. காற்று குளிர்ந்தது, மகள் சால்வையைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினாள்.

பிறகு தென்மேற்கிலிருந்து இருள் ஓடிவந்தது. நிலாவின் நிழல் அது. ஒலியைவிட வேகமாக வருவது. சூரியனின் கடைசிப் பொட்டு ஒரு வைர மோதிரமாக மின்னி அணைந்ததும் கண்ணாடியைக் கழற்றினேன். அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் வெறுங்கண்ணால் பார்க்கலாம். வானத்தில் ஒரு கருவிழி. அதைச் சுற்றி வெள்ளிப் பட்டு நூல்களாகக் கரோனா எல்லாத் திசைகளிலும் விரிந்திருந்தது. கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு தீப்பொறி, கருவி எதுவும் இல்லாமலே தெரிந்தது. வலப்பக்கம் கீழே வெள்ளி, இடப்பக்கம் மேலே வியாழன். அடிவானம் நாற்புறமும் அந்தி நிறத்தில் இருந்தது. கேமராவில் கரோனாவின் உட்பகுதியைப் பிடித்தால் வெளிப்பகுதி இருண்டுபோகிறது, வெளிப்பகுதியைப் பிடித்தால் உட்பகுதி வெளிறிப்போகிறது. கண்தான் இரண்டையும் ஒருசேரக் காண்கிறது. ஆகவே வீடியோவில் பார்த்ததாகச் சொல்லாதே.

நான்கு நிமிடம். நான் அழுதேன், மாப்பிள்ளை. ஏனென்று அப்போது தெரியவில்லை.

1980 பிப்ரவரி 16 உனக்கு நினைவிருக்கும். ஹூப்ளியிலும் ராய்ச்சூரிலும் முழுக் கிரகணம், நம் ஊரில் பகுதிக் கிரகணம். ஆச்சி அடுப்பை அணைத்து, ஊறுகாய்ப் பானையில் தர்ப்பையைப் போட்டு, தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தி, நம் இருவரையும் இருட்டறைக்குள் உட்காரவைத்தாள். ஓட்டின் இடுக்கு வழியே தரையில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக இருந்ததை நீதான் முதலில் பார்த்தாய். பாம்பு விழுங்குகிறது என்று ஆச்சி நடுங்கியதை அன்று நாம் கேலி செய்தோம். இந்த ஏப்ரல் 8 அன்று, காரணமும் வினாடிவரை நேரமும் தெரிந்திருந்தும் எனக்கே உடல் நடுங்கியது. முன்னறிவிப்பு ஏதுமின்றி நடுப்பகலில் சூரியனை இழந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

நம் பௌதிக வாத்தியார் சொன்ன கணக்கையும் நினைத்துக்கொண்டேன். சூரியன் குறுக்களவில் நிலாவைவிட ஏறத்தாழ நானூறு மடங்கு பெரியது, ஏறத்தாழ நானூறு மடங்கு தொலைவில் இருக்கிறது. அதனால்தான் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் இந்தப் பொருத்தம். நிலாவோ ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சி பூமிக்கு என்றென்றைக்கும் கிடைத்த வரம் அல்ல. யான்சென் என்னும் பிரெஞ்சு வானியலாளர் 1868-இல் கிரகணத்துக்காகக் குண்டூர் வந்தார். 1871-இல் மறுபடியும் கப்பலேறி நம் நீலகிரிக்கே வந்தார். ஒருமுறை பார்த்தவர் மீண்டும் ஏன் வந்தார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

இந்தியாவில் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20 அன்று லடாக்கில், மாலை வேளையில். அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கும் மேலாக, உச்சிப்பொழுதில், மேகம் அரிதான வானத்தில் நிகழப்போகிறது. நாம் நால்வரும் போகிறோம். செலவைப் பற்றி நீ பேசக்கூடாது.

ஒன்றுதான் எனக்குக் கவலை. கண்புரை அறுவையை நீ இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போடுகிறாய் என்று தங்கச்சி சொன்னாள். ஜூன் மாதம் நான் ஊருக்கு வருகிறேன். மருத்துவரிடம் அந்த வாரத்துக்கே தேதி வாங்கிவை, கூடவே இருந்து நானே வீட்டுக்கு அழைத்துவருகிறேன்.

என்றும் உன்,
மாப்பிள்ளை