கடைசி வரிசையில் இருந்த அக்காவுக்கு நன்றி

எங்கள் தெருவில் பாதி விளக்குகள் எரியாமல் கிடந்தன. குடியிருப்போர் நலக்குழுக் கூட்டத்தில் எல்லோரும் கோபமாகப் பேசினோம், எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. கடைசி வரிசையில் இருந்த நீங்கள் யாரும் கேட்காமலே எழுந்து வந்து, எந்தக் கம்பம், அதன் எண் என்ன, எப்போதிலிருந்து எரியவில்லை என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துக் குறித்தீர்கள். "தெரு இருட்டாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது. கம்ப எண் இருந்தால்தான் பழுது பார்க்க வருபவருக்கு இடம் தெரியும்" என்றீர்கள். அப்புறம் மனுவில் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கச் சொன்னீர்கள். மனுவே வரவில்லை என்று பிறகு அலுவலகத்தில் சொன்னபோது அந்தச் சீட்டுதான் கைகொடுத்தது.

இப்போது விளக்குகள் எரிகின்றன. அக்கா, அதற்குப் பிறகு உங்களைப் பார்க்கவே முடியவில்லை. இதைப் படித்தால் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். நேரில் நன்றி சொல்ல வேண்டும்.