சர்ச்சுவில் இரவு தங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லடாக் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வெளியிட்ட ஆறு நாள் பயணத் திட்டத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. முதல் நாள் விடியற்காலையில் மணாலியில் கிளம்பி இரவு வழியில் உள்ள சர்ச்சு என்ற இடத்தில் கூடாரம், மறுநாள் லடாக்கின் முக்கிய நகரமான லே, அதற்கு மறுநாள் கர்துங் லா ('லா' என்றால் கணவாய்). சொந்தக் காரிலோ பைக்கிலோ போகிறவர்களுக்காக என்று வேறு போட்டிருக்கிறீர்கள். நான் ராணுவத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். லடாக்கில் பல ஆண்டுகள் ஸ்டாலியன் என்ற ராணுவ லாரி ஓட்டியிருக்கிறேன். அந்தத் திட்டத்தை நம்பி யாரும் வண்டியை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மணாலி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. சர்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர். ஒரே பகலில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி, அங்கேயே படுத்துத் தூங்கச் சொல்கிறது உங்கள் திட்டம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் ஒரு கணவாயை ஏறி இறங்குவது வேறு, இரவு முழுவதும் உயரத்தில் கிடப்பது வேறு. தூக்கத்தில் மூச்சு இன்னும் மெலிந்து போகும். அதனால்தான் தலைவலி, குமட்டல் எல்லாம் பெரும்பாலும் முதல் இரவில் ஆரம்பிக்கும்.

ராணுவத்தில் இதற்குத் தெளிவான விதி உண்டு. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரையுள்ள இடத்துக்கு வந்தால் உடம்பைப் பழக்க ஆறு நாள். 15,000 அடி வரை போக இன்னும் நான்கு நாள். அதற்கும் மேலே என்றால் மேலும் நான்கு நாள். லே 11,500 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே போய்ச் சேர்ந்தவுடன் ஆறு நாள் இருந்தாக வேண்டும். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அடுத்து மெதுவான நடை, அப்புறம்தான் ஏற்றம். இருபது வயதுப் பையன்கள், தினமும் ஓடிப் பழகியவர்கள், அவர்களுக்கே இந்த விதி. நீண்ட லீவில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது.

சரி, சர்ச்சுவில் உடம்புக்கு முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் இந்த மலை நோய்க்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவிலிருந்து நேராக இறங்க வழியே இல்லை. தெற்கே மணாலிப் பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் பாராலாச்சா லாவை ஏறிக் கடக்க வேண்டும். வடக்கே போனால் கட்டா லூப்ஸின் 21 வளைவுகளை ஏறி, நக்கீ லா, அதையும் விட உயரமான லாச்சுலுங் லா. இரண்டு பக்கமும் ஏறித்தான் இறங்க முடியும். அடுத்துத் தங்கும் இடமான பாங்கிலும் இதே கதைதான். ஒரு பக்கம் லாச்சுலுங் லா, மறுபக்கம் 5,328 மீட்டர் தங்லங் லா. நோய் முற்றி நுரையீரலில் நீர் கோத்தவரை இன்னும் 600 மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போவது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். நடு இரவில், குளிரில், அதே நோய் பாதி பிடித்த ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு. பாங் ராணுவ முகாமில் மருத்துவ உதவி கிடைக்கும், ஆக்சிஜன் கொடுப்பார்கள். அங்கே உயிர் பிழைத்துத் திரும்பிய சுற்றுலாப் பயணிகள் ஏராளம். அதற்காக அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடலாமா? கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாக்களும் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும்.

இதில் ஓட்டுநர் விஷயம் தனி. பின்சீட்டில் இருப்பவருக்குத் தலை வலித்தால் அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். ஓட்டுகிறவருக்கு ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கெடுவது நிதானம். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க அரை நொடி தாமதமாகும், எதிரே வரும் லாரியின் தூரத்தைத் தப்பாகக் கணிப்பார். தனக்கு ஒன்றும் இல்லை என்றே சாதிப்பார், அதுதான் இந்த நோயின் மோசமான குணம். சந்தேகம் வந்தால் அவரைக் கீழே இறக்கி, குதிகாலும் கட்டைவிரலும் தொடும்படி ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். அதன் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பைக்கில் தனியாகப் போகிறவரை நடந்து காட்டச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நம் ஊர்க்காரர்கள் பலர், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையே ஓட்டிவிட்டோம், இது என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறார்கள். வளைவு ஓட்டும் பழக்கம் அங்கே உதவும், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். மணாலி பாதையில் வழக்கமாக முதல் இரவு தங்கும் கேலாங் அதைவிட 400 மீட்டருக்கு மேல் உயரம். அந்தக் காற்றை நம் ஊர் மலை எதிலும் பழக முடியாது.

வண்டிக்கும் மூச்சு வாங்கும். தங்லங் லா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே பாதி வண்டியாகத்தான் இழுக்கும். முந்திச் செல்ல ஊரில் போடும் கணக்கை அங்கே போடக் கூடாது. ஒரு சரிவில் எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும், இது சட்டத்திலேயே இருக்கிறது. பனி உருகி வரும் நீரோடைகள் சாலையின் குறுக்கே ஓடும். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர் பிற்பகலில் வண்டியை இழுக்கும் வேகத்துக்கு வந்துவிடும், ஆகவே சீக்கிரம் கிளம்பிக் கடந்துவிடுங்கள். ஏற்றத்தில் நிறுத்தும்போது டயருக்குக் கல் வைப்போம், நல்லதுதான். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். பின்னால் வரும் பைக்காரருக்கு அது எமன்.

2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தது பெரிய வரம். 9 கிலோமீட்டர் சுரங்கம், ரோத்தாங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை, 46 கிலோமீட்டர் மிச்சம். ஆனால் முன்பெல்லாம் ரோத்தாங் நெரிசலிலேயே பாதிப் பகல் போய்விடும். வேறு வழியில்லாமல் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ராத்தங்குவார்கள். உடம்பும் கொஞ்சம் பழகிக்கொள்ளும். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கேலாங் வந்துவிடுகிறது, இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று நேராகச் சர்ச்சுவுக்கு விடுகிறார்கள். நல்ல சாலை வந்த பிறகு நோய் கூடுகிறதென்றால் அதற்குச் சாலை என்ன செய்யும்?

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மலைகளைப் போல நான் வேறெதையும் நேசித்ததில்லை. முதல் முறை போகிறவர்கள் ஸ்ரீநகர் வழியாகப் போகட்டும். சோஜி லா 3,528 மீட்டர்தான், இரவு தங்கும் கார்கில் 2,676 மீட்டர், அந்தப் பாதையின் மிக உயரமான ஃபோத்து லாவே 4,108 மீட்டர். மணாலி வழிதான் வேண்டுமென்றால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டு, மூன்றாம் நாள் இருட்டோடு கிளம்பி, சர்ச்சுவிலும் பாங்கிலும் தேநீரோடு முடித்துக்கொண்டு லே போய்ச் சேரலாம். நீண்ட ஓட்டம்தான், மாற்றி ஓட்ட ஆள் வேண்டும். லேயில் குறைந்தது இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கர்துங் லா. மேலே படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நல்லது. அங்குள்ள பழைய பலகைகளில் 18,380 அடி என்று இருக்கும், உண்மையில் அது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பக்கம் உள்ள நுப்ரா பள்ளத்தாக்கு லேயை விடத் தாழ்வு என்பதால் நிம்மதியாகத் தூங்கலாம். 4,200 மீட்டருக்கு மேலுள்ள பாங்காங் ஏரிக் கரையில் தங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஆறு நாள் போதாது, பத்து நாளாவது வேண்டும். லீவு கிடைக்காதவர்கள் கிடைக்கும் ஆண்டில் போகட்டும். உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் அந்தத் திட்டத்தைத் திருத்தி வெளியிடுங்கள். இனி எந்த மலைப்பயணக் கட்டுரை வந்தாலும், ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் என்று போடும் இடத்திலேயே, அன்று தூங்கும் ஊரின் உயரத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஓட்டுநர் ஒருவர்,
குடியாத்தம்.