யார் தோலில் சோதித்தீர்கள்?

பெங்களூரில் ஒளியால் இயங்கும் மருத்துவக் கருவிகளை உருவாக்கிவரும் தமிழ் இளைஞர்களுக்கு,

வணக்கம். இந்த ஊரில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒளிரும் சாயங்களைக் கொண்டு ஆக்சிஜனை அளப்பதிலேயே என் ஆராய்ச்சிக் காலம் போயிற்று. உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். கோரமங்கலாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் நிறுவனம் தொடங்கிவிட்டு, முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளை எனக்கும் அனுப்பிவைக்கிறீர்கள். பெரும்பாலும் முதல் ஸ்லைடில் சர் சி.வி. ராமன் இருப்பார். திருச்சியில் பிறந்தவர், 1933-இல் பெங்களூருக்கு வந்தவர்; நமக்குப் பெருமைதான். நான் தேடுகிற ஸ்லைடு மட்டும் எதிலும் இல்லை. கருவியை யார் யார் தோலில் வைத்துச் சோதித்தீர்கள்?

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அது கிடைக்காமல் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஜூலையில் மத்திய அரசு அதற்கு 70 சதவீத லாப வரம்பு விதித்தது. விலையைப் பற்றி நிறையப் பேசினோம். அது காட்டும் எண் யாருக்குச் சரி, யாருக்குத் தப்பு என்ற பேச்சு நம் வீடுகளில் எழவே இல்லை.

ஜப்பானின் தக்குவோ அவோயாகி 1970-களில் கண்டுபிடித்த வழி இது. விரலுக்குள் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்துகிறோம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜன் ஏற்றியிருக்கும்போது சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பைக் கூடுதலாகவும் உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கியது நேர்மாறாகச் செய்யும். நாடியோடு ஏறி இறங்கும் ஒளியை, மாறாமல் நிற்கும் ஒளியால் வகுத்தால் தோல், எலும்பு, சதை எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துபோகும். அபாரமான கெட்டிக்காரத்தனம்! தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிப்பதில்லையே, அதுவும் கழிந்துதானே போகவேண்டும்?

காகிதத்தில் போகும். ஆனால் கருவியில் ஒளி தரும் எல்.இ.டி. ஒரே அலைநீளத்தில் ஒளிர்வதில்லை, சுற்றிலும் கொஞ்சம் பரவி ஒளிரும். குறைந்த அலைநீளப் பக்கத்தை மெலனின் அதிகமாக விழுங்குவதால், கறுத்த தோலைத் தாண்டி ரத்தத்தைச் சேரும் சிவப்பு சற்றே நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் உறிஞ்சல் குறைவு. ஆகவே ரத்தம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்கிறது. சிக்னலும் மெலிந்துபோவதால் அளவீட்டில் தாறுமாறான ஏற்ற இறக்கம் வேறு சேர்ந்துகொள்ளும். இது ஒரு விளக்கம்தான். விளைவு என்னவோ கண்கூடு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு உண்மையாகவே 88 சதவீதத்துக்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் இருப்பவர்களின் விரல்களைப் பாருங்கள். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து மெட்ரோ வேலையில் கம்பி கட்டுபவரின் விரலைப் பாருங்கள்: வெயிலில் கறுத்து, காய்ப்புக் காய்த்து, சிமென்ட் படிந்து. நீங்கள் சோதித்ததோ ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் எம்.டெக். மாணவர்களை. அவர்கள்தானே காபிக்கும் சமோசாவுக்கும் உடனே கை நீட்டுவார்கள்!

ஆக்சிமீட்டரோடு இது நிற்கவில்லை. லேசரை உறிஞ்சிய திசு எழுப்பும் ஒலியைக் கொண்டு உடலுக்குள் படம் பிடிக்கும் ஒளி–ஒலி படமெடுப்பில், அந்த லேசரை மேல்தோலின் மெலனினே முதலில் வாங்கிக்கொண்டு சத்தம் போடும். ஆழத்துக்கு ஒளி போய்ச் சேராது. சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலையில் கறுத்த தோலின் பின்னணி ஒளிர்வு நீங்கள் தேடும் மெல்லிய கோடுகளை மூழ்கடித்துவிடும். நாடி பார்க்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரங்களின் பச்சை ஒளியை மெலனின் சிவப்பைவிட அதிகமாகவே உறிஞ்சும். "ஏ.ஐ. சரிசெய்துவிடும் சார்" என்கிறீர்கள். கம்பி கட்டுபவரின் விரலையே பார்த்திராத ஏ.ஐ. எதை வைத்துச் சரிசெய்யும்?

நான் கேட்பது இதுதான். சந்தைக்குப் போகுமுன், மனிதர்களிடம் நடத்தும் சோதனைகளை ஆராய்ந்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு இந்த மக்களிடம் சோதியுங்கள். ஆக்சிஜன் அளவீடு என்றால் தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிடுங்கள். இன்னொரு ஆக்சிமீட்டரோடு ஒப்பிடுவது இரண்டு பொய்சாட்சிகளை ஒத்துப்பார்ப்பது போல. தோல் நிறத்தைக் கண்ணால் பார்த்து 'மாநிறம்' என்று படிவத்தில் நிரப்பாதீர்கள், நிறத்தை அளக்கும் கலரிமீட்டரால் அளந்து எண்ணாக எழுதுங்கள். எந்த நிறத் தோலில் எவ்வளவு பிழை என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். விற்பனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். செலவு கூடும் என்பதும் உண்மை. தமனி ரத்தம் எடுப்பது சும்மா விஷயமில்லை. மருத்துவமனை ஒன்று கைகோக்காமல் நடக்காது. நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரே சோதனைக் குழுவை வைத்துக்கொண்டால் சுமை குறையும். போட்டியாளர்கள்தான், இதிலாவது கூடிச் செய்யுங்களேன்.

நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம் எழுதத் தடுமாறினால் அல்சூருக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன். ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர்
அல்சூர், பெங்களூரு