கம்பிப்புழு எல்லாம் பயிருக்குப் பகையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மல்லாந்து கிடக்கும்போது ‘டக்’ என்று எகிறும் சொடுக்கு வண்டு பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிகம் பேசப்படாத ஒரு வண்டுக் குடும்பத்துக்கு இடம் கொடுத்தமைக்கு நன்றி. ஆனால் அதன் புழுவான கம்பிப்புழுவை எங்கே கண்டாலும் மண்ணில் மருந்து ஊற்றிவிட வேண்டும் என்று அதில் இருந்ததை ஏற்க முடியவில்லை.

எலாட்டெரிடே எனப்படும் இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 இனங்கள் உள்ளன. வேரையும் கிழங்கையும் துளைப்பவை அவற்றில் ஒரு பகுதிதான். மட்கிய மரத்தில் வாழும் புழுக்கள் உண்டு, பிற பூச்சிகளின் புழுக்களை வேட்டையாடுபவையும் உண்டு. தென்னந்தோப்பு எருக்குழியில் காண்டாமிருக வண்டின் முட்டையையும் இளம்புழுவையும் தின்னும் அக்ரிப்னஸ் என்ற வகையின் புழு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. குழியில் கண்மூடித்தனமாக மருந்து ஊற்றினால் நமக்காக வேலை செய்யும் உயிர்தான் முதலில் சாகும்.

முதலில் வண்டை அறிவோம். உடல் நீண்டு ஒடுங்கியிருக்கும், தலைக்கு அடுத்த பகுதியான முன்மார்பின் பின் மூலைகள் இரண்டும் கூராகப் பின்னோக்கி நீண்டிருக்கும். மல்லாத்திப் பார்த்தால் முன்மார்பின் அடியில் ஒரு முளையும், அதற்கு நேரே நடுமார்பில் ஒரு குழியும் தெரியும். வண்டு உடலை வில்லாக வளைக்கும்போது முளை குழியின் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. தசை இறுக இறுக விசை சேர்கிறது. பிடி வழுக்கிய நொடியில் முளை உள்ளே பாய, ‘டக்’ என்ற ஒலியோடு வண்டு எகிறுகிறது. 1970களில் ஐரோப்பிய இனமொன்றில் அளந்தபோது முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 380 மடங்கும், துள்ளல் உயரம் சுமார் 30 சென்டிமீட்டரும் இருந்தன. இந்த எகிறலில் கால்களுக்குப் பங்கில்லை, கால்களுக்குப் பங்குண்டு என்று கட்டுரையில் இருந்ததும் தவறே. பொன்வண்டின் உருவமும் ஏறக்குறைய இப்படித்தான், ஆனால் அதன் முன்மார்பு இறுகப் பொருந்தியிருப்பதால் அசையாது.

வயலில் பெரிய குழப்பம் புழுவில்தான். வேர்ப்புழு வெள்ளையாக, வளைந்து கிடக்கும். மரவட்டைக்குக் கால்கள் ஏராளம். கம்பிப்புழுவோ மஞ்சள் பழுப்பில் கெட்டியாக, மூன்றே இணைக் கால்களோடு இருக்கும். அச்சு அசலாக இதைப் போலவே இருக்கும் பொய்க் கம்பிப்புழு டெனிப்ரியோனிடே என்ற வேறு குடும்பம். அதற்கு முன்னங்கால்கள் மற்றவற்றைவிடத் தடித்திருக்கும், மேலுதடும் தனியாகத் தெரியும். உண்மையான கம்பிப்புழுவுக்கு ஆறு கால்களும் ஏறக்குறைய ஒரே அளவு, மேலுதடு தலையோடு இணைந்துவிட்டது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் போதும்.

அடுத்து வால். ஐரோப்பாவில் உருளைக்கிழங்கைக் கெடுக்கும் அக்ரியோட்டஸ் புழுவின் கடைசி உடல் வளையம் கூம்பாக முடியும், அதன் மேல்புறத்தில், வளையம் தொடங்கும் இடத்தருகே இரண்டு கரும்புள்ளிகள் இருக்கும். அக்ரிப்னஸ் புழுவின் வால் நுனி பிளவுபட்டிருக்கும். ஆனால் பிளவு வாலைக் கண்டதும் நண்பன் என்று முடிவுகட்டக் கூடாது. அமெரிக்கக் கோதுமை வயல்களைத் தாக்கும் லிமோனியஸ் புழுவுக்கும் பிளவு வால்தான். பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) எது என்பது வரை போனால்தான் பதில் கிடைக்கும்.

சில இடங்களில் பேரினமும் போதாது. அக்ரியோட்டஸ் லினியேட்டஸ், ஆப்ஸ்க்யூரஸ், ஸ்புட்டேட்டர் மூன்றும் மிக நெருங்கிய இனங்கள். ஆனால் லினியேட்டஸ் ஆண்களை ஈர்க்கும் கலவையில் ஜெரானைல் ஆக்டனோயேட் என்ற வேதிப்பொருள் முக்கியம், ஆப்ஸ்க்யூரசுக்கு அதோடு ஜெரானைல் ஹெக்ஸனோயேட்டும் வேண்டும், ஸ்புட்டேட்டருக்கு ஜெரானைல் பியூட்டனோயேட். இனம் தெரியாமல் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பொறி காலியாக இருக்கும், கிழங்கில் துளை இருக்கும்.

புழு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இரை வைப்பது. கோதுமையும் மக்காச்சோளமும் கலந்து இரு கைப்பிடி எடுத்து ஒரு நாள் ஊறவைத்து, 15 சென்டிமீட்டர் குழியில் போட்டு மூடி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும். முளைவிடும் தானியம் வெளியிடும் கரியமில வாயுவைத் தேடிப் புழு வரும். பத்து நாளில் தோண்டி எண்ணலாம். புல் மண்டிய நிலத்தில் இது பலிக்காது, சுற்றியுள்ள வேர்களும் அதே வாயுவை விடுவதால் புழு திசைமாறும். மண் காய்ந்து சூடேறினாலும் புழு ஆழத்துக்குப் போய்விடும், அப்போது இரைக்குழி காலியாக இருப்பதை நம்ப முடியாது.

இனத்தை அடையாளம் காண நிபுணருக்கு மாதிரி அனுப்புவோர் உயிருள்ள புழுவை நேரே சாராயத்தில் போட்டால் கறுத்துவிடும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் ஒரு நிமிடம் விட்டு, பிறகு 70 முதல் 80 சதவீத எத்தனாலில் வையுங்கள். மரபணுச் சோதனைக்கென்றால் வெந்நீர் வேண்டாம், 95 சதவீத எத்தனால் நேராக. வண்டை ஊசியில் குத்தும்போது வலது இறக்கை உறை வழியாகக் குத்தி, முளை தெரியும்படி முன்மார்பைச் சற்று விலக்கி உலர்த்துங்கள். மூடிய நிலையில் காய்ந்தால் முளையைப் பார்க்கவே முடியாது. இடமும் தேதியும் எழுதாத மாதிரியால் பயன் மிகக் குறைவு.

சொடுக்கு வண்டுக் குடும்பத்தின் வகைப்பாடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நத்தை தின்னும் மென்னுடல் வண்டுகளான டிரிலிடே தனிக் குடும்பமாக இருந்தது. மரபணு ஆய்வுக்குப் பின், 2011இல், சொடுக்கு வண்டுகளோடு சேர்க்கப்பட்டது. சொடுக்கவே தெரியாத வண்டும் இதில் அடக்கம் என்பதால், ஒலியை மட்டும் நம்பி வகைப்படுத்துவதும் இனிச் செல்லாது.

அடுத்து கம்பிப்புழு பற்றி எழுதும்போது தலை, கால், வால் மூன்றின் நெருக்கப் படங்களையும், எருக்குழியில் அக்ரிப்னஸ் செய்யும் வேலையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூச்சியியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்