தரம் 11 இற்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். மூன்றாம் தவணை முடிவுக்கு வந்துவிட்டது. இந்த ஆண்டு இல்ல மெய்வன்மைப் போட்டி சிறப்பாக நடந்தது. தமிழ்த் தினப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் வலய மட்டம் வரை போய் நல்ல பெயர் எடுத்து வந்தார்கள். வாணி விழாவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மாரி தொடங்கியதும் பெற்றோர் பலர் மண்வெட்டியோடு வந்து நின்று வளவைத் துப்புரவாக்கித் தந்தீர்கள். நுளம்புத் தொல்லை பாதியாகக் குறைந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் உதவியால் தரம் 10 வகுப்புகளின் மின்விசிறிகளும் திருத்தப்பட்டன. எல்லோருக்கும் பாடசாலையின் நன்றி.

சரி, இனி இந்தக் கடிதத்தை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தவணையில் என் மேசைக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் தரம் 10 பெற்றோர் எழுதியவை. "மகனுக்கு இன்று விசேட வகுப்பு இருப்பதால் 11.30 இற்கு விடவும்." "வெள்ளிக்கிழமைகளில் மகள் வீட்டில் நின்று படிக்க அனுமதிக்கவும்." எல்லாம் மரியாதையாகவும் பிள்ளையின் நன்மையை நினைத்தும் எழுதப்பட்டவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கைகளும் பக்கத்திலேயே இருந்தன. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தபோது எனக்கு மனம் சரியில்லை. வகுப்புகள் கூடிக்கொண்டு போகின்றன, புள்ளிகள் கூடவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலை வைத்து நித்திரையாகிவிட்டான் என்று ஆசிரியர் அவனை என்னிடம் அனுப்பினார். நான் கணிதம் படிப்பித்தவன். அவனைப் பேசாமல், புத்தகப் பையைத் திறக்கச் சொன்னேன். ரியூசன் கொப்பிகள் மட்டும் ஐந்து இருந்தன. எழுத்து அச்சடித்ததுபோல் அழகு. தலைப்புகள் சிவப்புப் பேனையில், விடைகளுக்கு அடியில் இரட்டைக் கோடு. இருபடிச் சமன்பாடு ஒன்றின் விடையைக் கையால் மறைத்துவிட்டு, அந்தக் கேள்வியையே வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவன் கையெழுத்தில் விடை இருக்கும் அதே கணக்கு. அவனால் முதல் வரியை எழுத முடியவில்லை. "வகுப்பில விளங்கினது சேர்" என்றான். பொய் சொல்லவில்லை. வகுப்பில் விளங்கித்தான் இருக்கும்.

பிறகு அவனுடைய ஒரு நாளை எழுதச் சொன்னேன். விடிய 5.30 இலிருந்து 7 மணி வரை ஒரு வகுப்பு. 7.30 இலிருந்து 1.30 வரை பாடசாலை. பின்னேரம் 2.30 இலிருந்து 6 வரை இரண்டு வகுப்புகள். 6.30 இலிருந்து 8.30 வரை இன்னொன்று. கூட்டிப் பாருங்கள். பாடசாலையில் 6 மணித்தியாலம், வெளியே 7. ஆகமொத்தம் 13 மணித்தியாலம் அந்தப் பிள்ளை மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். தானாக இருந்து ஒரு கணக்கைச் செய்து, பிழைவிட்டு, எங்கே பிழைத்தது என்று தேடிய நேரம் எவ்வளவு என்று கேட்டேன். அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் நின்றான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போன். பன்னிரண்டு மணிக்குப் படுக்கை. 4.45 இற்கு அம்மா எழுப்புவா. காலைச் சாப்பாடு பல நாள் இல்லை. 13 வயதிலிருந்து 18 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்று நித்திரை பற்றிய மருத்துவர்கள் சொல்கிறார்கள். இவனுக்குக் கிடைப்பது அதன் அரைவாசி.

நான் ரியூசனுக்கு எதிரானவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் ஒருவரும் நம்பவும் மாட்டீர்கள். ஒரு பாடத்தில் பிள்ளை பின்தங்கி நின்றால் அந்த ஒரு பாடத்துக்கு நல்ல வகுப்பொன்று கைகொடுக்கும். நல்லாய்ப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் வெளியிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்பது பாடத்தில் ஏழுக்கு வகுப்பு, சிலவற்றுக்கு இரண்டு இடத்தில் வகுப்பு என்று போனால், கேட்டதை மனதில் இருத்தப் பிள்ளைக்கு நேரம் எங்கே இருக்கிறது? "பக்கத்து வீட்டுப் பிள்ளை போகுது, எங்கட பிள்ளை போகாட்டில் குறைஞ்சுபோகும்" என்ற பயம் உங்களுக்கு இருப்பதை நான் அறிவேன். நானும் ஒரு தகப்பன்தான்.

என் படிப்புக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். "எங்கள் காலத்தில் நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்று பிள்ளைகளைக் குத்துவதற்கு இதைச் சொல்லவில்லை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. வீட்டில் இருந்தது சைக்கிள் வால்வில் திரி கோர்த்த ஜாம் போத்தல் விளக்கு ஒன்று. எண்ணெய் மிச்சம் பிடிக்க அம்மா எங்களுக்கு அரை மணித்தியாலம்தான் தருவா. பிறகு விளக்கை ஊதி அணைத்துவிடுவா. இருட்டில் பாயில் படுத்துக்கொண்டு, சற்றுமுன் படித்ததை அண்ணன் எனக்குச் சொல்லுவார், நான் அவருக்குச் சொல்லுவேன். மறந்த இடம் வந்தால் விளக்கைக் கொளுத்த முடியாது. விடியும்வரை அந்த இடம் மனதை அரித்துக்கொண்டே இருக்கும். விடிந்ததும் முதல் வேலை புத்தகத்தைத் திறந்து அதைத் தேடுவதுதான். அப்படித் தேடிப் படித்தது இன்றும் மறக்கவில்லை.

எண்ணெய் இல்லாததால் தற்செயலாகப் பழகிய அந்த வழி சரியான வழிதான் என்று ஆசிரியனான பிறகுதான் அறிந்தேன். 1885 இல் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து எழுதினார். படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. 2006 இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒருமுறை வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ரியூசனால் வந்த பிள்ளை "எல்லாம் தெரியும்" என்று நம்புவதற்கும், சோதினை மண்டபத்தில் விழிப்பதற்கும் காரணம் இதில் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத் தெளிவைப் பிள்ளையும் நாங்களும் படிப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

க.பொ.த. சாதாரண தரத்தில் தரம் 10, தரம் 11 இரண்டின் பாடத்திட்டமும் வரும். அதனால் இந்த ஆண்டு விட்டது அடுத்த ஆண்டு வந்து நிற்கும். உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். அதில் 3 'சீ' சித்தியாவது இருக்கவேண்டும். கணிதத்தையே எடுங்கள். முதலாம் பத்திரத்தின் 'ஏ' பகுதியில் 25 சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. அடிப்படை கையில் இருந்தால் போதும். எங்கள் பிள்ளைகள் இந்தத் தவணையில் புள்ளியைக் கூடுதலாக விட்டது அங்கேதான். இரண்டாம் பத்திரத்தின் கடினமான கேள்விகளுக்கு விடியப்புறம் வகுப்புக்கு ஓடுகிறார்கள். சதவீதமும் பின்னமும் பிழைக்கின்றன. விடைத்தாள்களைத் திருத்திய ஆசிரியர் ஒருவர் அந்தத் தாள்களை என் மேசையில் பரப்பிக் காட்டியபோது எனக்கு அழுகை வராத குறை.

சென்ற மாதம் ஒரு தாய் என்னைச் சந்திக்க வந்தார். சந்தையில் மரக்கறி விற்பவர். மகளுக்கு வரலாற்றில் நல்ல முன்னேற்றம். எப்படி என்று கேட்டேன். பின்னேரம் தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, மகள் பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தாயின் கையில் கொடுத்துப் பாராமல் சொல்லுவாளாம். "எனக்கு வரலாறு ஒண்டும் தெரியாது சேர். ஆனா அவள் திக்கினா, அந்த இடம் பாடமில்லை எண்டு எனக்கு விளங்கும். திரும்பப் படிச்சிட்டு வா எண்டு விடுவன்." அந்தப் பிள்ளை வரலாற்றுக்கு எந்த வகுப்புக்கும் போவதில்லை. உங்களில் பலர் "நாங்கள் படிக்கேல்லை, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தாய் செய்தது உங்கள் எல்லோராலும் முடியும்.

போன் விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அன்பாக அனுப்பியது, வேண்டாம் என்று சொல்ல முடியாது, விளங்குகிறது. பாடக் குறிப்புகளும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. இரவு 9 மணிக்குப் பிறகு அந்தப் போன் பிள்ளையின் அறையில் இல்லாமல் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். எழும்ப அலாரம் வேண்டும் என்று பிள்ளை சொன்னால், ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. கோபிக்க வேண்டாம். அடுத்த தவணையிலிருந்து வெளி வகுப்புக்காக எந்தப் பிள்ளையையும் பாடசாலை நேரத்தில் விடமாட்டோம். கடிதம் கொண்டு வந்தாலும், நீங்களே நேரில் வந்து நின்றாலும் பதில் ஒன்றுதான். வருத்தம், வீட்டில் துக்கம், அவசரம் என்றால் அது வேறு. சொல்லுங்கள், உடனே விடுவோம். காரணம் சொல்லாமல் வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்து நிற்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு வகுப்பாசிரியரும் நானும் வருவோம். பாடசாலைக்குள் போன் கொண்டுவந்தால் அதை வாங்கி வைத்து, பெற்றோர் வந்து கையொப்பமிட்ட பிறகே திருப்பித் தருவோம். இதில் யாருடைய பிள்ளை என்று பார்க்கப்போவதில்லை. அரசு இலவசமாகத் தந்த பாடப்புத்தகத்தைத் திறக்காமல் போட்டோக்கொப்பிக் குறிப்புகளை மட்டும் கட்டிக்கொண்டு திரியும் பழக்கத்தையும் நிறுத்தப்போகிறோம். கேள்விகள் வருவது அந்தப் புத்தகத்திலிருந்துதான்.

எங்கள் பக்கத்திலும் குறை இருக்கிறது. சில பாடவேளைகள் ஆசிரியர் இல்லாமல் போயிருக்கின்றன. அதனால்தான் வெளியே தேடினோம் என்று ஒரு தகப்பன் என்னிடம் நேரடியாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். வெற்றிடத்துக்கு ஆசிரியர் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை அந்த வகுப்புகளில் கணிதத்தை நானே எடுக்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை பின்னேரம் 2 மணியிலிருந்து 4 மணி வரை தரம் 11 வகுப்பறைகள் திறந்திருக்கும். அங்கே ஒருவரும் படிப்பிக்கமாட்டார்கள். பிள்ளைகள் தாங்களாக இருந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்வார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆசிரியர் அமைதியாக இருப்பார். இதற்குக் காசு இல்லை. இதற்காகப் பின்னேரத்தைத் தர ஒப்புக்கொண்ட ஆசிரியர்களுக்கு உங்கள் சார்பில் நான் நன்றி சொல்லியிருக்கிறேன். நீங்களும் கண்டால் ஒரு சொல் சொல்லுங்கள்.

விடுமுறையில் எல்லா வகுப்பையும் நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போகும் வகுப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பாடத்தில் உண்மையில் உதவி தேவை என்று பிள்ளையிடமே கேளுங்கள். பேசாமல் ஒரு முறை கேட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள். மிச்சத்தில் ஒன்றையோ இரண்டையோ விட்டு, அந்த நேரத்தை வீட்டில் பிள்ளைக்கே கொடுங்கள். ஒரு மேசை, ஒரு லைற், தொலைக்காட்சிச் சத்தம் இல்லாத ஒன்றரை மணித்தியாலம். புள்ளி குறைந்ததற்காக இந்த வாரம் பிள்ளையை அடிக்கவோ மற்றப் பிள்ளையோடு ஒப்பிடவோ வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். அறிக்கை கொடுத்த அன்று வீட்டுக்குப் போகப் பயந்து வாசற்கதவடியில் நின்ற பிள்ளைகளை நான் கண்டேன்.

கடல் தொழிலுக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் போய்விட்டு, களைப்போடு பின்னேரம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கடைசி வரை இருந்தவர்களை நான் மறக்கவில்லை. பிள்ளைக்காக நீங்கள் செலவழிப்பது எவ்வளவு, எதை விட்டுவிட்டுச் செலவழிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன். இந்த ஆண்டு முழுவதும் எங்களோடு நின்றதற்கு மனமார்ந்த நன்றி.

கீழே இணைத்திருக்கும் துண்டில் பிள்ளை போகும் வெளி வகுப்புகளையும், பின்னேரப் படிப்புக்கு வருவதற்கு விருப்பமா என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த தவணை தொடங்கும் முதல் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நேரில் பேச விரும்பினால் செவ்வாய், வியாழன் காலை 8 மணிக்குப் பிறகு வாருங்கள், முன்கூட்டிச் சொல்லவேண்டியதில்லை.

அன்புடன்,
அதிபர்