சின்னப் புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குற படிப்பையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட் லயன்ல, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில இருந்து எழுதுறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் என்ன படிக்கலாம்னு பேப்பர்ல பக்கம் பக்கமா வருது, இந்த வருஷம் அதுல ஒரு மூலையிலாவது தொடக்கக் கல்வி டிப்ளமா பத்தி, அதான் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சொல்லிக் குடுக்க பிளஸ் டூ முடிச்சு படிக்குற ரெண்டு வருஷ படிப்பு பத்தி, போடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். எனக்கு பதினேழு வயசுல அப்படி ஒரு படிப்பு இருக்குன்னே தெரியாது. பி.காம் முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மூணு வருஷம் பில் போட்டேன், 2020 லாக்டவுன்ல வேலை போயி ஊருக்கு வந்தேன்.

2021 கடைசியில, புள்ளைங்களுக்கு வீட்டுப் பக்கத்துலயே சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்குற அரசாங்கத்தோட இல்லம் தேடிக் கல்வி திட்டம் ஆரம்பிச்சப்ப தன்னார்வலரா பேர் குடுத்தேன். உண்மைய சொல்றேன், மாசம் 1000 ரூபா வருது, வேற வேலை கிடைக்குற வரைக்கும் பாப்போம்னுதான் சேந்தேன். எங்க வீட்டு வாசல்லயே சாயங்காலம் கிளாஸ். எங்க ஊர் மார்கழில சாக்பீஸ் கூட ஈரமாயிடும், காட்டெருமை வர்றதுக்குள்ள புள்ளைங்கள வீடு சேக்கணும், இருக்குற ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துல என்ன பெருசா நடந்துடப்போகுதுன்னு நினைச்சேன்.

அங்க ஒரு ஆறு வயசு பொண்ணு, ஜார்க்கண்ட்ல இருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம், மூணு வாரமா வாயே தொறக்கல. ஒரு நாள் திடீர்னு "பானி, பானி"ன்னு சொல்லுது, மத்த புள்ளைங்க எல்லாம் வெளிய மலைய காட்டி ஆமா பனிதான்னு சொல்றாங்க, அது மறுபடி மறுபடி சொல்லி அழுதே போச்சு. நான் திருப்பூர்ல இந்திக்காரங்களோட வேலை பாத்ததால எனக்கு டக்குனு புரிஞ்சுது, புள்ளை தண்ணி கேக்குது! உள்ள போய் சுடுதண்ணி ஆத்தி குடுத்தேன். அது குடிக்கும்போதே எனக்கு வேற ஒண்ணு ஓடுது, போர்டுல பனி, பானின்னு ரெண்டையும் எழுதி பக்கத்துல மலையும் டம்ளரும் வரைஞ்சேன். அந்தப் பொண்ணையே எழுப்பி ரெண்டையும் சொல்ல வெச்சேன். அப்புறம் பல் பால், கல் கால், படம் பாடம்னு புள்ளைங்களே அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பையன் எப்பவும் துணைக்கால விட்டுடுவான், பாலு பல்லாயிடும், நான் நூறு தடவை திருத்தியும் வராதது அன்னைக்கு அவனுக்குத் தானா வந்துச்சு. காது நல்லா கேட்டாத்தான் கை எழுதும்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. நாளைக்கு என்ன வார்த்தை எடுக்கலாம்னு யோசிச்சுட்டே கிடந்தேன். மூணு வருஷம் பில் போட்டதுல ஒரு நாளாவது நாளைக்கு எப்படா விடியும்னு இருந்துருக்கேனா?

இன்னொரு நாள் மூணாம் வாய்ப்பாட்டுக்கு ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கொழுந்த வெச்சு சொல்லிக் குடுத்தேன், ஒரு குட்டி எந்திரிச்சு "அக்கா எங்கம்மா கத்தரியில வெட்டுறதுல நாலு இலையும் வருதே"ங்குது. அவ சொன்னது சரிதானே, அம்மா வேலைய அவ்வளவு கவனிச்சுருக்கா. சரின்னு சொல்லி அன்னைக்கு நாலு இலை ஒரு மொட்டுன்னு அஞ்சாம் வாய்ப்பாடும் சேத்து போட்டோம்.

அப்புறம்தான் டிப்ளமாவ பத்தி விசாரிச்சு 2023ல சேந்தேன். வீட்லயும் சொந்தக்காரங்களும் சொல்லாதது இல்ல, டிகிரிதான் இருக்கே பி.எட் பண்ணி ஹைஸ்கூல் போ, அனா ஆவன்னா சொல்லிக் குடுக்க எதுக்கு ரெண்டு வருஷம்னு. ஆனா அதே 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் பி.எட் முடிச்சவங்க ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எடுக்க தகுதியில்லன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, பி.எட்டோட பயிற்சியே பெரிய கிளாஸ் புள்ளைங்களுக்கானதுதான். எனக்கு அது கோர்ட்டு சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஆறு வயசுப் புள்ளை ஏன் எழுத்த திருப்பிப் போடுது, விரல் விட்டு எண்ணுற புள்ளைய எப்ப தடுக்கக் கூடாது, இதெல்லாம் தனி படிப்பு சார், வாசல்ல உக்காந்தப்ப எத்தனை தப்பு பண்ணிருக்கேன்னு டிப்ளமா படிக்கும்போதுதான் தெரிஞ்சு மனசு கஷ்டமா போச்சு. விரல் விட்டு எண்ணுனா அடிக்காத குறையா அதட்டிருக்கேன்.

டிப்ளமா முடிஞ்சு இப்ப டெட்னு சொல்ற ஆசிரியர் தகுதித் தேர்வுல, சின்ன கிளாஸ் டீச்சருக்கான முதல் தாளுக்கு படிச்சுட்டு இருக்கேன். எங்க லயன்லயே பிளஸ் டூ எழுதுற பொண்ணுங்க நாலு பேர் இருக்காங்க, அதுல ஒருத்தி சாயங்காலம் என் கூட உக்காந்து புள்ளைங்களுக்கு கதை சொல்றா, நான் சொல்றத விட நல்லா கேக்குறாங்க. அவ என்ன படிக்கப் போறன்னு கேட்டா பி.காம்ங்குறா, ஏன்னா அவளுக்கு அதுதான் தெரியும். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி போட்டீங்கன்னா அவ கண்ணுல படும், எங்க கடைக்கு பேப்பர் பத்து மணிக்கெல்லாம் வந்துடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்